பின்னாலிருந்து இடி வாங்கிய ஸ்விஃப்ட்: வெளியில் 18 ஆயிரம், ஷோரூமில் 53 ஆயிரம், எங்கே விடலாம்?

தாம்பரம்_தம்பி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பெருங்களத்தூர் பக்கம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன், பின்னால் வந்த குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) பிரேக் பிடித்தும் நிற்காமல் வலது மூலையில் வந்து இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, பின் சீட்டிலும் ஆள் இல்லை. பம்பரின் வலது மூலை கிழிந்து உள்ளே போயிருக்கிறது, வலது டெயில் லேம்ப் உடைந்துவிட்டது, டிக்கி டோரின் கீழ் ஓரம் மடங்கியிருக்கிறது, லேம்ப்புக்குக் கீழே குவார்ட்டர் பேனலில் (பின் கதவுக்கும் லேம்ப்புக்கும் நடுவிலிருக்கிற பக்கத் தகடு) சின்னதாக ஒரு சுருக்கம். டிக்கி மூடுகிறது, ஆனால் இரண்டு தடவை அறைந்தால்தான் லாக் விழுகிறது.

ஷோரூமில் 53,000 எஸ்டிமேட் கொடுத்தார்கள். டிக்கி டோர், ஹிஞ்ச், லாக் எல்லாம் சேர்த்து 16,000. பம்பர், லேம்ப், கிளிப் வகையறா 9,000. டிங்கரிங்கும் மாட்டுக்கூலியும் 12,000. பெயின்டிங் 16,000. எங்கள் ஏரியாவில் ஒரு டிங்கர் 18,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார், பம்பரும் லேம்ப்பும் மட்டும் புதுசு, மீதி தட்டி எடுத்து பட்டி போட்டு பெயின்ட். பம்பரைக் கழற்றிப் பார்க்கவில்லை, "உள்ளே ஒன்னும் இருக்காது சார்" என்று சொல்லிவிட்டார்.

இன்சூரன்ஸ் நாலாவது வருஷம் ஓடுகிறது. பம்பர் டு பம்பர் (உதிரிக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி) முதல் இரண்டு வருஷம் போட்டேன், அப்புறம் பிரீமியம் பார்த்து விட்டுவிட்டேன். இதுவரை கிளெய்ம் எதுவும் இல்லை. குட்டியானை ஓனர் போனில் 5,000 தருகிறேன், இதோடு முடித்துக்கொள்வோம், ஒரு பேப்பரில் எழுதிக் கொடுங்கள் என்கிறார். வண்டி ஓட்டினால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

கிளெய்ம் போடலாமா, கையிலிருந்து கொடுத்து வெளியில் முடிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நெய்வேலி_நிலக்கரி:

முதலில் அந்த 5,000 பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

---

பட்டறைக்காரன்:

தம்பி, 18 ஆயிரமா 53 ஆயிரமா என்கிற கேள்வியே இப்போது கிடையாது. இரண்டு பேருமே வெளியில் பார்த்து எழுதிய கணக்கு அது. பம்பர் என்று நாம் சொல்வது வெறும் பிளாஸ்டிக் உறை, இடி வாங்கினால் உள்ளே அமுங்கி, பாதி தூரம் தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். அதனால் வெளியே ஒரு அங்குலம் போனதுபோல் தெரிந்தால் உள்ளே எவ்வளவு போனது என்று அதைக் கழற்றாமல் எந்த டிங்கராலும் சொல்ல முடியாது, நாற்பது வருஷம் தொழில் பார்த்தவராலும் முடியாது. சில வண்டியில் உறைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீம் இருக்கும், சிலதில் அதுவும் இல்லாமல் நேராக பேக் பேனல்தான், அதாவது டிக்கி டோருக்குக் கீழே பாடியின் பின் தகடு. அந்த பேக் பேனலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஸ்டெப்னி பள்ளமும், இரண்டு ஓரத்திலும் பின் சேஸி காலும். தனி சேஸி கிடையாது என்றாலும் பட்டறையில் அந்தப் பெட்டி வடிவ இரும்பை சேஸி கால் என்றுதான் சொல்வோம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது இரண்டு. டிக்கி இரண்டு தரம் அறைந்தால்தான் விழுகிறது என்பது ஒன்று, குவார்ட்டர் பேனலில் சுருக்கம் என்பது இன்னொன்று. டிக்கி டோர் மட்டும் மடங்கியிருந்தால் லாக் விழாமல் போகலாம், சரி. ஆனால் லாக்கின் கொக்கி உட்கார்ந்திருப்பது பேக் பேனலில், அது உள்ளே போயிருந்தாலும் இதே குணம்தான் காட்டும். குவார்ட்டர் பேனல் என்பது கதவு மாதிரி போல்ட் கழற்றி மாட்டுகிற சாமான் இல்லை, பாடியோடு சேர்த்து வெல்டு வைத்தது. குட்டியானை மூக்கு நேராக அதில் பட்டிருந்தால் கீறலும் குழியும் இருக்கும். கீறலே இல்லாமல் சுருங்கியிருந்தால் பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் தகடு நெளிந்திருக்கிறது என்று அர்த்தம், அப்போது விசை முன்னாலும் போயிருக்கும்.

வீட்டிலேயே இதைப் பாருங்கள், காசு கிடையாது. டிக்கிக்குள் இருக்கிற கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வையுங்கள். பள்ளத்தின் வலது சுவரில் அலை அலையாக நெளிவு இருக்கிறதா? தகடும் தகடும் சேர்கிற இடத்தில் கம்பெனியில் தடவிய சீலன்ட் பட்டை இருக்கும், அது வெடித்திருக்கிறதா, வெடிப்புக்குள் பளபளவென்று புது இரும்பு தெரிகிறதா? ஸ்டெப்னி போல்ட் சிரமமில்லாமல் கழன்றதா? அப்புறம் வலது பின் கதவுக்கும் குவார்ட்டர் பேனலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள், இடது பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே அகலம் கீழே குறுகல் என்று இருந்தால் பிரச்சினை பெரியது. கூரையில், பின் கண்ணாடிக்கு மேல் மூலையில், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் லேசாக ஒரு மேடு தெரியும், சிலருக்கு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளங்கைக்குத் தெரியும், மெல்லிய பருத்தித் துணியை நடுவில் வைத்துத் தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் வண்டியை நிறுத்தி லைட்டின் பிம்பம் பாடியில் நேர்கோடாக ஓடுகிறதா, எங்காவது உடைகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழிதான். குனிந்து சைலன்சரையும் பாருங்கள், ரப்பர் தொங்கலிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

வண்டி சி.என்.ஜி.யா? அப்படியென்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் சிலிண்டர் கிளாம்ப்பையும் வால்வையும் கேஸ் கிட் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) முடிந்ததுதானே என்று இடிபட்ட சிலிண்டரைச் சும்மா விடக்கூடாது.

ஏரியா டிங்கரைக் குறை சொல்லவில்லை. வெளித்தகட்டை அவர் ஷோரூமைவிட நன்றாகவே தட்டி எடுப்பார், பல ஷோரூமில் தட்டவே தெரியாது, மாற்றத்தான் தெரியும். ஆனால் உள்ளே நெளிந்திருந்தால் அதை இழுக்க பெஞ்ச் (வண்டியை அசையாமல் பிடித்துவைத்து இழுக்கிற இரும்புச் சட்டம்) வேண்டும், அளவு வேண்டும். சங்கிலியைப் புளியமரத்தில் கட்டி வண்டியை முன்னால் எடுத்து இழுக்கிற வேலை அந்தக் காலத்து அம்பாசடருக்குச் சரி.

---

தாம்பரம்_தம்பி:

நன்றி அண்ணே. பெட்ரோல் வண்டிதான். ஸ்டெப்னியைக் கழற்றிப் பார்த்தேன், பள்ளத்தின் வலது பக்கம் நீங்கள் சொன்ன மாதிரியே அலை போல இருக்கிறது, சீலன்ட் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. கூரையில் ஒன்றும் தெரியவில்லை, கையிலும் படவில்லை. பின் கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. குவார்ட்டர் பேனலில் கீறல் இல்லை, சுருக்கம் மட்டும்தான்.

---

பாலிசி_வாத்தியார்:

அப்படியானால் கிளெய்ம் பக்கம் போய்விடுங்கள் சார். ஏன் என்பதை எண்ணிலேயே போட்டுவிடுகிறேன், ஏனென்றால் "நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி) போய்விடும்" என்கிற ஒரே பயத்தில் நிறையப் பேர் கைக்காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பம்பர் டு பம்பர் இல்லாத சாதாரண பாலிசியில் மாற்றுகிற உதிரிக்குத் தேய்மானம் பிடிப்பார்கள். 2002-ல் வந்த இந்திய மோட்டார் டேரிஃப்பில் (மோட்டார் இன்சூரன்ஸ் கட்டண விதிகள்) இருக்கிற அட்டவணைப்படிதான் வழக்கமாகப் பிடிப்பார்கள், பிரீமியத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று 2007-ல் ஆகிவிட்டது, உங்கள் பாலிசித் தாளில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாம் பாதி. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. இரும்புக்கு வண்டியின் வயசைப் பார்த்து, மூன்று வயசுக்கு மேல் நாலுக்குள் என்றால் 25 சதவீதம், அதைத் தாண்டினால் 35, ஐந்தைத் தாண்டினால் 40. பெயின்டிங்குக்கு மொத்த பில்லில் கால்பங்கை பெயின்ட் சரக்கு என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அதாவது எட்டில் ஒரு பங்கு. கூலிக்குக் கழிவே இல்லை. கடைசியில் கட்டாயக் கழிவு, எல்லோரும் ஃபைல் சார்ஜ் என்று சொல்வது, 1500 சி.சி. வரை 1,000 ரூபாய்.

உங்கள் 53,000-க்குப் போடுவோம். இரும்பு 16,000-ல் 4,000. பிளாஸ்டிக் 9,000-ல் 4,500. பெயின்டிங் 16,000-ல் 2,000. ஃபைல் சார்ஜ் 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 11,500. ஏரியா டிங்கருக்குக் கொடுப்பதாக இருந்த 18,000-ஐவிடக் குறைவு.

இனி போனஸ். இப்போது உங்களுக்கு 35 சதவீதம் ஓடும், அடுத்த ரினியூவலில் 45 ஆகியிருக்கும். கிளெய்ம் போட்டால் பூஜ்யம். ஆனால் அது நிரந்தரமில்லை, மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏறும். கிளெய்ம் போடாமல் இருந்திருந்தால் 45, பிறகு 50, 50, 50, 50. வருஷாவருஷம் வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள்: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120. அதாவது ஒரு கிளெய்மால் ஐந்து ரினியூவலில் நீங்கள் இழப்பது சொந்த சேதப் பிரீமியத்தின் ஒரு மடங்கும் ஐந்தில் ஒன்றும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்த சேதப் பகுதி 7,000 என்று வைத்தால் 8,400, வண்டி மதிப்பு வருஷாவருஷம் குறைவதால் அதைவிடக் கொஞ்சம் கம்மிதான் வரும்.

11,500-ம் 8,400-ம் சேர்த்து 19,900. வெளி வேலைக்கும் இதற்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு, ஆனால் இதில் டிக்கி டோர் புதுசு. இதுவே உள்ளே சேதம் இருந்து பில் ஏறினால் உங்கள் பங்கு கொஞ்சம்தான் ஏறும், ஏனென்றால் ஏறுவதில் ஒரு நல்ல பங்கு கூலி.

சின்ன வேலைக்கு இந்தக் கணக்கு தலைகீழாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெறும் பம்பர் கீறல், ஏழெட்டாயிரத்தில் முடிகிறது என்றால் கிளெய்ம் போடுவது வீண்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்றைக்கே தகவல் கொடுங்கள், சேதத்தை மதிப்பிட வருகிற சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஒரு நட்டைக்கூடத் திறக்க விடாதீர்கள். முதல் சர்வேயிலேயே "பம்பர் கழற்றிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு வருகிற கூடுதல் எஸ்டிமேட்டுக்கு அது வழி விடும். கேஷ்லெஸ் பட்டியலில் இல்லாத பட்டறையிலும் செய்யலாம், முதலில் நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

---

வேளச்சேரி_வெள்ளம்:

ஒரு சந்தேகம். தப்பு முழுக்க குட்டியானை மேல்தானே, அந்த வண்டியின் இன்சூரன்ஸிடமிருந்து வாங்க முடியாதா? நம் போனஸ் ஏன் போக வேண்டும்? எரிச்சலாக இருக்கிறது.

---

பாலிசி_வாத்தியார்:

சட்டப்படி முடியும், எரிச்சலும் நியாயம்தான். ஆனால் அதற்கு மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும், சென்னையில் என்றால் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. வக்கீல், வாய்தா, எஃப்.ஐ.ஆர். எல்லாம் உண்டு. ஐம்பதாயிரம் ரூபாய் வேலைக்கு யாரும் போவதில்லை. தன் பாலிசியில் வாங்கிக்கொண்டால் அந்தப் பக்கம் துரத்துகிற உரிமை உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகிறது. அதனால்தான் மேலே நண்பர் சொன்னது சரி, "முழுவதும் பைசல் ஆகிவிட்டது" என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு அந்த உரிமையே இல்லாமல் போகும், அதைக் காரணம் காட்டி உங்கள் கிளெய்மையே இழுத்தடிக்கலாம். ஸ்டேஷனில் ஒரு சி.எஸ்.ஆர். (புகார் கொடுத்ததற்கான ரசீது) மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தாம்பரம்_தம்பி:

நிலவரம் சொல்கிறேன். கிளெய்ம் போட்டாயிற்று, சர்வேயர் வந்து பார்த்த பிறகு பம்பரைக் கழற்றினார்கள். பேக் பேனல் வலது பக்கம் நன்றாக உள்ளே போயிருக்கிறது. சேஸி கால் நுனியில் மடிப்பு. கீழே மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு எடுத்ததில் ஒன்று மற்றதைவிட 8 மில்லிமீட்டர் குறைவு. பெஞ்சில் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். எஸ்டிமேட்டில் 31,000 கூடிவிட்டது: பேக் பேனலும் பள்ளத்துத் தளமும் 14,000, கூலி 13,000, பெயின்டும் சீலன்ட்டும் 4,000. வாத்தியார் கணக்குப்படி போட்டால் என் பங்கு 11,500-லிருந்து 15,500 ஆகிறது, சரிதானே?

இப்போது புதுக் குழப்பம். சர்வேயர் பேக் பேனலை மாற்றச் சொல்கிறார், பள்ளத்துத் தளத்தை வெட்ட வேண்டாம், இழுத்தால் வந்துவிடும் என்கிறார். ஷோரூம்காரர் இரண்டையும் வெட்டி மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

---

பாலிசி_வாத்தியார்:

கணக்கு சரி. இரும்புக்கு 3,500, பெயின்டுக்கு 500, கூலிக்கு ஒன்றுமில்லை.

---

பட்டறைக்காரன்:

நான் சர்வேயர் பக்கம். சர்வேயர் என்றாலே பணத்தைக் குறைக்க வந்தவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது, இந்த விஷயத்தில் அவர் சொல்வது தொழில் தெரிந்தவர் சொல்வது.

கம்பெனியில் ரோபோ வைத்த ஸ்பாட் வெல்டையும், தகட்டின் துருப்பிடிக்காத பூச்சையும் வெளியில் எந்தப் பட்டறையும் அப்படியே திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் வெட்டாமல் எடுக்க முடிந்ததை வெட்டக் கூடாது. பள்ளத்துத் தளம் மெல்லிய தகடு, அலைதான் விழுந்திருக்கிறது, கிழியவில்லை, கூர்மையான மடிப்பும் இல்லை என்றால் பெஞ்சில் சேஸி காலை இழுக்கும்போதே முக்கால்வாசி தானாக நேராகிவிடும். மீதியை டாலி (பின்னால் தாங்கிப் பிடிக்கிற இரும்புக் கட்டி) வைத்துத் தட்டிக்கொள்ளலாம். பேக் பேனல் அப்படியில்லை, அதில் லாக் உட்கார வேண்டும், லேம்ப் உட்கார வேண்டும், பம்பர் பிராக்கெட் உட்கார வேண்டும், அரை மில்லி தப்பினாலும் டிக்கி மறுபடி அறைந்துதான் மூட வேண்டும். அதை மாற்றுவது நல்லது.

வரிசை முக்கியம் தம்பி. பழைய பேக் பேனலை வெட்டுவதற்கு முன்னால் இழுக்க வேண்டும். முதலில் வெட்டிவிட்டால் பிடித்து இழுக்க இடமும் இருக்காது, வளைந்தது எல்லாம் தனித்தனியாக நின்றுவிடும். இழுத்து முடித்துப் புதுப் பேனலைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, டிக்கி டோர், லேம்ப், பம்பர் மூன்றையும் மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியாக வந்த பிறகுதான் வெல்டு. இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விடுகிற பட்டறை நிறைய. வெல்டு வைத்த பிறகு இடைவெளி வரவில்லை என்றால் ஹிஞ்சை வளைத்துச் சமாளிப்பார்கள், அது ஆறு மாதம் கழித்துத் தண்ணீர் ஒழுகும்.

சேஸி காலில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்ச விடாதீர்கள். இப்போது வருகிற வண்டிகளில் அந்தக் கால், பில்லர் எல்லாம் உயர் வலு இரும்பு, சூடு காட்டினால் வலு போய்விடும், அடுத்த தடவை இடிபட்டால் மடங்க வேண்டிய விதத்தில் மடங்காது. குளிர்ந்த நிலையில் இழுத்து வரவில்லை என்றால், அல்லது மடிப்பின் முனையில் விரிசல் இருந்தால், அந்தத் துண்டை மாற்றுவதுதான் வழி. குறுக்களவு வித்தியாசம் 3 மில்லிக்குள் வர வேண்டும் என்று கேளுங்கள், பெரும்பாலான கம்பெனிகளின் அளவுத் தாளில் அந்த மாதிரிதான் விட்டுக்கொடுப்பு இருக்கும். அளவு அச்சடித்த தாளை வாங்கி வையுங்கள். பெஞ்சில் கம்ப்யூட்டர் அளவு இல்லை என்றாலும் பரவாயில்லை, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டைக் கீழ்ப்பக்கத் துளைகளிலிருந்து தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, குறுக்கே டேப் பிடித்தால் அதே கதை தெரியும். நான் இன்றைக்கும் சந்தேகம் வந்தால் அப்படித்தான் பார்க்கிறேன்.

---

கடலோரக்_கவிராயர்:

பட்டறைக்காரர் ஒன்றை விட்டுவிட்டார், ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் வீடு என்பதால் எனக்கு அதுதான் முதலில் தோன்றுகிறது. வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எல்லாம் எரிந்து வெறும் இரும்பாக நிற்கும். வெளிப்பக்கம் பிரைமர், பெயின்ட் என்று அடித்துவிடுவார்கள், உள்பக்கம் யாருக்கும் தெரியாது என்று அப்படியே விட்டுவிடுவார்கள். உப்புக்காற்றில் இரண்டு மழைக்காலம் போதும், உள்ளேயிருந்து பொரிந்து வெளியே கொப்புளமாக வரும். சேர்க்கிற விளிம்புகளுக்கு வெல்டு தாங்குகிற பிரைமர், வெல்டுக்குப் பிறகு இணைப்பு முழுக்க சீலன்ட், கடைசியில் சேஸி காலின் உட்குழிவுக்குள் மெழுகுப் பூச்சு ஸ்பிரே. இந்த மூன்றையும் ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எழுதவில்லை என்றால் நடக்காது.

---

பழைய_கார்_பரமன்:

எதிர்ப்பேச்சு என்று நினைக்க வேண்டாம், விற்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். பழைய கார் வாங்க வருகிற கம்பெனி ஆட்கள் எல்லோரும் இப்போது பெயின்ட் கனம் பார்க்கிற மெஷினோடுதான் வருகிறார்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் காட்டும். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் 200, 300. பட்டி போட்டிருந்தால் 500-ஐத் தாண்டிவிடும், சில வண்டியில் ஆயிரத்துக்கு மேல் போய் மெஷினே கை விரித்துவிடும். பேக் பேனல் மாற்றியது, டிக்கி தளத்தில் சீலன்ட் கையால் தடவியது எல்லாம் அவர்கள் முதலில் பார்க்கிற இடம், விலையில் குறைக்கத்தான் செய்வார்கள். பில்லும் அளவுத் தாளும், பிரித்தபோது எடுத்த போட்டோவும் இருந்தால் ஓரளவு வாதாடலாம். மறைத்து விற்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், கிளெய்ம் விவரத்தை அவர்கள் எப்படியும் தோண்டி எடுத்துவிடுகிறார்கள்.

---

தாம்பரம்_தம்பி:

விற்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை. சர்வேயர் சொன்னபடியே முடிவாகிவிட்டது, பள்ளம் இழுப்பு, பேக் பேனல் மாற்றம். பள்ளத்துத் தளத்துக்கான தொகையை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இழுத்த பிறகு குறுக்களவு வித்தியாசம் 2 மில்லி, தாளைக் கையில் கொடுத்தார்கள். அடுத்தது பெயின்ட். என் வண்டி சில்வர் கலர், மேட்ச் ஆகாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். டெலிவரி எடுக்கும்போது என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

---

பட்டறைக்காரன்:

பயமுறுத்துகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சில்வரில் இருக்கிற அலுமினியத் துகள் எப்படிப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும், அதே டப்பா பெயின்டை துப்பாக்கியில் காற்றைக் கூட்டி அடித்தால் வெளுப்பு, குறைத்து அடித்தால் கருப்பு. கலர் கோடு வண்டித் தகட்டில் இருக்கும், அதை வைத்துக் கலந்தாலும் நாலு வருஷம் வெயில் பட்ட உங்கள் பாடிக்கு அப்படியே சேராது. ஆகவே குவார்ட்டர் பேனலில் சுருக்கம் எடுத்த இடத்தோடு நிறுத்தாமல் கலரைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து மேலே ஏற்றிக் கலந்துவிட்டு, கிளியர் கோட்டை பேனல் முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதன் நிழல் சற்று வேறாகத்தான் தெரியும், புது வண்டியிலேயே தெரியும், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

பட்டி எவ்வளவு என்று கேளுங்கள். சுருக்கத்தை புல்லர் வைத்து இழுத்து நேராக்கிய பிறகு மேடு பள்ளம் நிரப்ப ஒரு மில்லி, இரண்டு மில்லி பட்டி தப்பில்லை, 3 மில்லிக்கு மேல் போனால் இழுக்காமல் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காயாத பட்டிமேல் அவசரமாக பெயின்ட் ஏற்றினால் சில மாதத்தில் அது சுருங்கி ஓரம் வரைபடம் போட்ட மாதிரி தெரியும். பெயின்ட் பூத்தில் (மூடிய பெயின்ட் அறை) 60 டிகிரியில் அரைமணி நேரமாவது வேக வேண்டும், வெளியில் டார்ப்பாய் கட்டி அடித்தால் தூசி உட்காரும்.

டெலிவரியை சாயங்காலம் எடுக்காதீர்கள், பகலில் வெயிலிலும் பிறகு நிழலிலும் நிறுத்திப் பாருங்கள், பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பாருங்கள். டிக்கி ஒரே தள்ளலில் மூட வேண்டும். அப்புறம் உள்ளே ஒரு ஆளை உட்கார வைத்து டிக்கி ஓரத்திலும் லேம்ப் மேலும் பத்து நிமிஷம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடியுங்கள், ஸ்டெப்னி பள்ளத்தில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. தண்ணீர் நுழைகிற வழியில்தான் சைலன்சர் புகையும் நுழையும், இதைத் தண்ணீர்ப் பிரச்சினை என்று மட்டும் பார்க்காதீர்கள்.

நாலு சக்கர அலைன்மென்ட் தாளை வாங்குங்கள், முன் சக்கரம் மட்டும் பார்த்த தாள் போதாது. உங்கள் வண்டியில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற குறுக்கு இரும்பு, அதில் டோ, கேம்பர் என்கிற சக்கரக் கோணங்களைத் திருப்புகிற வசதியே இல்லை. பின் சக்கர எண் சிவப்பில் வந்தால் பீம் வளைந்திருக்கிறது அல்லது அது பாடியில் மாட்டுகிற இடம் நகர்ந்திருக்கிறது, "அட்ஜஸ்ட் பண்ணிட்டோம் சார்" என்று யாராவது சொன்னால் எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

---

வேளச்சேரி_வெள்ளம்:

பார்க்கிங் சென்சார் இருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள். என் வண்டியில் பம்பரோடு சேர்த்து சென்சார் முகத்திலும் கனமாக பெயின்ட் அடித்து வைத்துவிட்டார்கள், சுவரில் முட்டிய பிறகுதான் கத்தியது.

---

தாம்பரம்_தம்பி:

நாலு சென்சார் இருக்கிறது. பம்பர் இன்னும் பெயின்ட்டுக்குப் போகவில்லை, கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லி இப்போதே போன் போடுகிறேன்.